கல் அரசருக்கு ஒரு மூக்கு

கல்லில் இருந்த அரசருக்கு மூக்கு இல்லை என்பது செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத்தான் வில்பெர்த் காவிச்சின் கண்ணில் பட்டது. அதுவரை வெளிச்சத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போயிருந்தது. இப்போது ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இறகுக் கிரீடம் இருக்கிறது, காதணி இருக்கிறது, தடித்த கீழுதடுகூட இருக்கிறது. நெற்றிக்கும் உதட்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

சக்முல் ஊருக்கு வில்பெர்த் ஒருவன்தான் புகைப்படக்காரன். பெண்பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாள், கல்யாணம், ஞானஸ்நானம் என்று ஊரில் எந்த முகமும் அவன் கைபடாமல் சுவரில் ஏறியதில்லை. அவன் கம்ப்யூட்டருக்குள் போனால் மரு உதிரும், பல் முளைக்கும், இரட்டை நாடி ஒற்றையாகும். இடிபாடுகளைப் படமெடுப்பது மட்டும் இதுவே முதல் தடவை.

தொல்லியல் அலுவலகத்துக்குப் போன மாதம் மாற்றலாகி வந்த கிரிசெல்டா அம்மையார்தான் அவனைக் கூப்பிட்டார். ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் பழைய கோயில் மேட்டின் வாசலில் ஆளுயரப் படப்பலகை ஒன்று வைக்க வேண்டும். அதில் மேட்டின் அடியில் நிற்கும் செதுக்குக் கல், அதாவது பக்கவாட்டு முகத்தோடு நிற்கும் அந்த அரசர். சனிக்கிழமை மெரிடா நகரத்திலிருந்து நிபுணர் ஒருவர் வந்து திறந்து வைப்பார். அந்தக் கல்லுக்கு நல்ல படம் என்று எதுவுமே இல்லை என்று அம்மையார் வருத்தப்பட்டார். கோப்பில் பழைய கோட்டோவியம் ஒன்று இருந்ததாம். அதைக் கரையான் முகத்திலிருந்து ஆரம்பித்துத் தின்றிருந்தது.

வில்பெர்த் உடனே சரியென்றான். காரணம் கலை ஆர்வம் இல்லை. அந்த இடத்தின் காவலர் நிக்கனோர் பெச். நிக்கனோரின் இளைய மகள் லாண்டி.

பெண் கேட்பதற்கு அந்த ஊரில் மூன்று நடை. பையன் வீட்டார் இனிப்பு ரொட்டி, சாக்லேட், ஒரு பாட்டில் ரம் எடுத்துக்கொண்டு போவார்கள். பெண்ணின் அப்பா ரொட்டியில் ஒரு விள்ளல் வாயில் போட்டால் சம்மதம். தொடாமல் திருப்பினால் இன்னொரு தடவை போகலாம். மூன்றாவது தடவையும் ரொட்டி திரும்பினால் பேச்சு அதோடு முடிந்தது. வில்பெர்த்துக்கு இரண்டு நடை ஆகிவிட்டது. திரும்பி வந்த ரொட்டியை அவன் வீட்டில் இரண்டு வாரம் காலையும் மாலையும் நனைத்துத் தின்றார்கள்.

முதல் தடவை, இந்த வருஷம் மழை சரியில்லை என்றார் நிக்கனோர். இரண்டாவது தடவை வலை ஊஞ்சலில் படுத்தபடியே சுவரைக் காட்டினார். மூத்த மகள் நெல்சியின் கல்யாணப் படம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வில்பெர்த் எடுத்துக் கொடுத்தது.

"இதுல பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கறது யாரு?"

"நீங்கதான், தோன் நிக்கனோர்" என்றான், பெரியவர்களுக்கு ஊர் வைக்கும் 'தோன்' மரியாதையோடு.

"அப்ப என் மூக்கு எங்க?"

நியாயமான கேள்விதான். நிக்கனோரின் மூக்கு புருவத்துக்கு மேலேயே புறப்பட்டு, நடுவில் ஒரு தரம் யோசித்து, பிறகு வளைந்து இறங்கும் மூக்கு. வில்பெர்த் நல்லெண்ணத்தில் அதைப் பாதியாக்கியிருந்தான். "என் அப்பன் குடுத்த மூக்கை அழிச்சவனுக்கு என் பொண்ணைக் குடுத்தா, பேரப்பிள்ளைங்களுக்கு மூஞ்சியே இருக்காது" என்று சொல்லி ரொட்டிக் கூடையைக் காலால் தள்ளிவிட்டார்.

ஆகவே, பொய் கலக்காத படம் ஒன்றை நிக்கனோரின் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டி அவர் மனதை மாற்றுவது என்று வில்பெர்த் திட்டம் போட்டிருந்தான். ஆனால் நிக்கனோருக்கு அந்தக் கல்லின் பக்கம் கேமரா வந்தாலே ஆகாது. எட்ட நின்று எடு என்பார், சட்டென்று எடு என்பார், அப்போதுதான் துடைப்பத்தோடு நடுவில் வந்து நிற்பார். போதாததற்குத் தன் கையால் எழுதிய தகரப் பலகை வேறு: சக்கரம் வைத்த எதுவும் இந்தக் கல்லுக்கு நூறடிக்குள் வரக்கூடாது. சாய்ந்த வெளிச்சம் அடிக்க வேண்டும் என்று அம்மாவின் பீரோக் கண்ணாடியைக் கழற்றித் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருந்தான் வில்பெர்த். நூறடிக்கு முன்னாலேயே வண்டி நின்றது. கண்ணாடியைத் தலையில் சுமந்துகொண்டு போனான்.

மூக்கு எப்படிப் போயிற்று என்று ஃபோனில் கேட்டதற்கு, மின்னல் விழுந்தது என்றார் நிக்கனோர். போன வாரம் வந்த வெளிநாட்டுத் தம்பதியிடம் ஸ்பானியப் பாதிரியார் உடைத்தார் என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், காட்டைக் காக்கும் குள்ள அலுஷ்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டதாக.

வில்பெர்த் நாற்காலியில் சாய்ந்தான். அரசரின் மாறுகண்ணை நேராக்கக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டான். ஆனால் மூக்கில்லாத ஒருவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவன் தொழிலில் இல்லாத பழக்கம். சும்மா பொருத்திப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டரில் இருந்த மூக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தான். மணப்பெண் மூக்கு வைத்தால் அரசர் வெட்கப்பட்டார். பஞ்சாயத்துத் தலைவர் மூக்கு வைத்தால் பொய் சொல்பவர்போல் இருந்தார். கடைசியில், நெல்சி கல்யாணத்தன்று எடுத்த, கை வைக்காத படத்திலிருந்து நிக்கனோரின் அசல் மூக்கை வெட்டி ஒட்டினான்.

மயிர்க்கூச்செறிந்தது. கல்லிலேயே பிறந்ததுபோல் உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்த அழகான யோசனை வந்தது. இதை ஒரு பிரதி போட்டுச் சட்டமிட்டு நிக்கனோருக்குப் பரிசாகக் கொடுத்தால்? உங்கள் மூக்கைப் பாதியாக்கியதற்குப் பிராயச்சித்தம், இதோ அரசருக்கே வைத்திருக்கிறேன். மூக்கில்லாத அசல் படம் அலுவலகத்துக்கு, மூக்குள்ள படம் மாமனாருக்கு. இரண்டையும் 'ராஜா நல்லது' என்று பெயர் போட்டுச் சேமித்தான். ஒன்றை கிரிசெல்டா அம்மையாருக்கு அனுப்பினான்.

எதை அனுப்பினான் என்பது புதன்கிழமை அம்மையார் ஃபோன் செய்தபோது தெரிந்தது. அவர் குரல் தழுதழுத்தது. தான் அந்தக் கல்லை ஒரே ஒரு தடவை, கொட்டுகிற மழையில் பார்த்ததாகவும், மூக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றும் சொன்னார். சாய்ந்த வெளிச்சத்தின் மகிமை என்று அவரே விளக்கமும் கொடுத்தார். மெரிடா நிபுணருக்கும் அனுப்பியாகிவிட்டது. பலகை அச்சுக்குப் போய்விட்டது.

"அம்மா, அது வந்து, அந்த மூக்கு..."

"அந்த மூக்குதான், வில்பெர்த். அந்த மூக்குதான் எல்லாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவன் மோட்டார் சைக்கிளில் கோயில் மேட்டுக்குப் பறந்தான். பலகை அதற்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது. ஆறடி உயரம். அதில் ஒன்றரை அடி மூக்கு. எதிரே முக்காலியில் நிக்கனோர் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இந்த மூக்கு உனக்கு எங்க கெடைச்சுது?" என்றார்.

மறைத்துப் பயனில்லை. தன் மூக்கை ஒரு மனிதனுக்கு அடையாளம் தெரியாதா என்ன?

"உங்க வீட்டுலதான் எடுத்தேன், தோன் நிக்கனோர். கேக்காம எடுத்தது தப்புதான். மன்னிச்சுக்கணும்."

"எப்ப எடுத்தே?"

"நெல்சி கல்யாணத்தன்னிக்கு."

நிக்கனோர் கண்ணை மூடித் திறந்தார். "மூணு வருஷமா. இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்டயும் இல்ல. லாண்டிக்குக்கூடத் தெரியாது. இது உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்னு பாத்தேன். பலகைக்குப் போனதுதான் கைதவறிப் போச்சு."

நிக்கனோர் எழுந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"நாளைக்கு உங்க அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு வா. ரொட்டி நெறைய வேண்டாம். ஒண்ணு போதும்."

அரசரின் முகத்தில் தன் மூக்கைக் கண்டு மனிதர் இப்படி உருகிவிட்டாரே என்று வில்பெர்த்துக்கும் கண் கலங்கியது. உண்மையை அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் எடுத்திருந்த முடிவு, ஊருக்குத் திரும்புகிற வழியிலேயே காற்றில் பறந்தது. அந்த மூக்கை இப்போது எடுத்தால் மாமனாரும் கூடவே போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது நடை. வில்பெர்த்தின் அப்பா முகமன் சொல்லி முடிப்பதற்குள் நிக்கனோர் கூடைக்குள் கைவிட்டு, முழு ரொட்டியையும் இரண்டே கடியில் விழுங்கினார். புரையேறியது. தண்ணீர் கொண்டுவரலாம் என்று வில்பெர்த் சமையலறைப் பக்கம் எழுந்ததும், இருமிக்கொண்டே பாய்ந்து அவனை மறித்து, தானே உள்ளே போய் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் யாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது இதுதான் முதல் தடவை என்று லாண்டி பிறகு சொன்னாள். அவளுடைய அம்மா பர்தோலா மட்டும் புருஷனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் பிப்ரவரியில் என்று முடிவாகி, ரம் பாட்டில் திறக்கப்பட்டபோது வில்பெர்த்தின் ஃபோன் அடித்தது. கிரிசெல்டா அம்மையார். நிபுணர் டாக்டர் அபெலார்தோவுக்கு நேற்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லையாம். இந்தப் பக்கத்துக் கற்களில் இப்படி ஒரு மூக்கை அவர் பார்த்ததே இல்லையாம். பூதக்கண்ணாடியும் அளவுகோலும் கொண்டுவருகிறார்.

வில்பெர்த் லாண்டியைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த டாக்டர் நாளைக்குத் தொட்டுப் பாக்கறப்போ அங்க மூக்கு இருக்காது."

"இருக்காது."

"நீ மாட்டிக்குவே. அப்பாவுக்கு எல்லாரும் பாக்க அவமானம். ரொட்டியாவது கிட்டியாவதுன்னு சொல்லிடுவாரு."

"அதான் சொல்றேன்."

"அப்ப மூக்கு இருக்கணும்" என்றாள் லாண்டி. உள்ளே போய் ரொட்டி தட்ட வைத்திருந்த மக்காச்சோள மாவில் ஒரு உருண்டை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, சாம்பலும் வெள்ளைக்கல் பொடியும் கலந்து பிசைந்த மாவோடு இருவரும் கோயில் மேட்டுக்குப் போனார்கள். நிக்கனோரை எப்படி நகர்த்துவது என்று வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்திருந்தார்கள். தேவையே இருக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தனியாக இருக்கணும் என்று லாண்டி ஆரம்பித்ததுமே அவர் வில்பெர்த்தின் கையில் இருந்த துணிமூட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"அரை மணி நேரம் எடுத்துக்கோங்க. நான் எதையும் பாக்கல" என்று சொல்லி, முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"என்னை வாசப்படியில நின்னாலே திட்டற மனுஷன்" என்றாள் லாண்டி, நம்ப முடியாமல். நிச்சயமான ஜோடிக்குத் தனிமை கொடுக்கிறார், எவ்வளவு பெரிய மனசு என்று வில்பெர்த் நெகிழ்ந்தான். நெகிழ்ந்துகொண்டே மாவை ஒட்டினான். லாண்டி கையில் நெல்சி கல்யாணப் படத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் மேலே, இன்னும் வளைவு வேணும், ஐயோ அது எங்க அத்தை மூக்கு என்று வழிநடத்தினாள். முடித்தபோது பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் எவனும் சந்தேகப்பட மாட்டான்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. பள்ளிக்கூட முரசு, வண்ணக் காகிதத் தோரணம், மர நிழலில் மேஜை போட்டு பனூச்சோ பொரித்துக்கொண்டிருந்தாள் பர்தோலா. பீன்ஸ் வைத்து உப்பிய அந்த ரொட்டிகளின் வாசனைக்கு இடையே டாக்டர் அபெலார்தோ வந்து இறங்கினார். மெலிந்த கிழவர், கழுத்தில் மூன்று கண்ணாடிகள். பலகையை மறைத்த துணியை இழுத்தார், கைதட்டலைக்கூடக் கேட்காமல் நேராகக் கல்லை நோக்கி நடந்தார். ஊரே பின்னால் போயிற்று.

கல்லின் மேல் முழ நீளத்தில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. டாக்டர் வருவதைப் பார்த்தும் அது நகரவில்லை. நிதானமாகக் குனிந்து அரசரின் மூக்கில் ஒரு வாய் கடித்து, மென்று விழுங்கியது. பிறகு இன்னொரு வாய்.

கிரிசெல்டா அம்மையார் நெஞ்சில் கைவைத்தார். டாக்டர் கையை வீச, ஓணான் குதித்து ஓடியது. மிச்சமிருந்த மூக்கு மெதுவாகக் கழன்று அவருடைய குறிப்பேட்டின் மேல் விழுந்தது. அவர் அதைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார், முகர்ந்தார், நுனிநாக்கில் வைத்தார்.

"மக்காச்சோளம்" என்றார். "உப்பு வேற போட்டிருக்கு."

"கை பழக்கம்" என்றாள் லாண்டி பின்னாலிருந்து, தன்னை மறந்து.

இதற்கு மேல் தாங்காது என்று வில்பெர்த் முன்னால் வந்தான். மூக்கில்லாத அரசரைக் கண்டது, படம் மாறிப் போனது, மாவு பிசைந்தது வரை எல்லாவற்றையும் ஒப்பித்தான். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையில் இருக்கும் மூக்கு தோன் நிக்கனோருடையது, அவர் மகள் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது என்றான். ஊர் மொத்தமும் பலகையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நிக்கனோரைப் பார்த்தது. பிறகு ஒரு பெரிய 'ஓ' எழுந்தது.

நிக்கனோர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கை தானாகப் போய்த் தன் மூக்கைத் தடவியது.

"அது என் மூக்கா?"

"ஆமா, தோன் நிக்கனோர்."

"என் மூஞ்சியில இருக்கற இந்த மூக்கா? எங்க வீட்டுல எடுத்தேன்னு சொன்னது?"

"உங்க படத்தத்தான் சொன்னேன். வேற என்ன எடுக்க முடியும் உங்க வீட்டுல?"

நிக்கனோர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து வயது குறைந்ததுபோல் நிமிர்ந்தார். வியாழக்கிழமையிலிருந்து காணாமல் போயிருந்த பழைய அதட்டல் தொண்டைக்குத் திரும்பியது. இவன் அன்றைக்கு மூக்கை அழித்தான், இன்றைக்கு அதையே திருடி ஊர் சிரிக்க வாசலில் மாட்டினான், அரசாங்கக் கல்லில் மாவைத் தடவினான், டிசம்பரில் ஓய்வு பெறப்போகிற மனுஷனுக்கு இதைவிட அவமானம் உண்டா என்று மேட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, வில்பெர்த்தின் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ரொட்டி செல்லாது. நான் வேற ஒண்ணை நெனச்சுத் தின்னுட்டேன். கல்யாணம் கெடையாது."

லாண்டியின் முகம் விழுந்துவிட்டது. வில்பெர்த்தின் அம்மா முந்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மூன்று நடையும் முடிந்துவிட்டது, இனி நான்காவது என்று ஒன்று கிடையாது. வில்பெர்த் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு பர்தோலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் கறுப்பு பீன்ஸ் ஜாடி இருந்தது.

"வேண்டாம், பர்தோலா" என்றார் நிக்கனோர். அதட்டல் மறுபடி காணாமல் போயிருந்தது.

"தின்ன ரொட்டி தின்னதுதான்" என்றாள் அவள். முழங்கை வரை ஜாடிக்குள் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பழைய துணிப்பொட்டலத்தை எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பிரித்தார். உள்ளே கல்லால் ஆன ஒரு மூக்கு, நடுவில் ஒரு தரம் யோசித்து வளைந்து இறங்கியது.

"வேலைக்குச் சேந்த மொத நாளே மூணு சக்கர வண்டியால இடிச்சு ஒடைச்சுட்டு, இருபத்தேழு வருஷமா இதை என் ஜாடியில ஒளிச்சு வெச்சிருக்காரு, டாக்டர், பாவம், இந்தப் பையன் கேட்டது பொண்ணை, இவரு குடுத்தது லஞ்சம்."